அஜிகான் பாடல்களுடன் பதின்மூன்று ஆண்டுகள்

ஏசியன் குங்-ஃபூ ஜெனரேஷன் என்னும் ஜப்பானிய ஆல்டர்நேட்டிவ் ராக் குழுவை அதன் ரசிகர்கள் சுருக்கமாக அஜிகான் என்பார்கள். அந்தக் குழுவின் பாடல்களைப் பதின்மூன்று ஆண்டுகளாக, ஏறத்தாழ நாள் தவறாமல் கேட்டு வருகிறேன். முதல் கேட்பில் நன்றாக இருக்கும் பாடல்கள் எவை என்று சொல்லப் பலர் இருக்கிறார்கள். ஆயிரம் முறை கேட்ட பிறகு எவை தேய்ந்தன, எவை தேயவில்லை என்பதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

நான் நுழைந்தது பலரும் நுழைந்த வாசல் வழியாகத்தான். 'நருட்டோ' அனிமேத் தொடரின் இரண்டாவது முகப்புப் பாடலான 'ஹருகா கனாதா'வைத்தான் முதலில் கேட்டேன். தொலைக்காட்சி முகப்புக்கு ஒதுக்கப்படுவது ஒன்றரை நிமிடமே என்பதால், நெடுநாள் வரை அந்த ஒன்றரை நிமிடம்தான் முழுப் பாடல் என்று நம்பியிருந்தேன். சுமார் நான்கு நிமிட முழு வடிவத்தைக் கேட்டபோதுதான், பேஸ் கிட்டார் தனியாகத் தொடங்கி, மற்றக் கருவிகள் அதன் மேல் வந்து விழும் முன்னிசைதான் பாட்டின் முதுகெலும்பு என்பது புரிந்தது. இது இன்னும் தேயவில்லை. காலையில் ரயிலைப் பிடிக்க ஓடும்போது இதைவிடப் பொருத்தமான பாட்டை நான் கண்டதில்லை.

1996-ல் யோகோஹாமாவின் காந்தோ காகுயின் பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்தபோது குழுவாகச் சேர்ந்த கோதோ மசாஃபுமி, கிதா கென்ஸுகே, யமாதா தகாஹிரோ, இஜிச்சி கியோஷி ஆகிய அதே நால்வர்தான் இன்றும் வாசிக்கிறார்கள். ஆள் மாறாததன் பலன் காதுக்குத் தெரியும். கோதோ பாடிக்கொண்டே அடிக்கும் கிட்டாரின் மேல், கிதா ஒரே சுரத்தைக் கீழ் ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் ஒருசேர மீட்டி மெட்டை இழுத்துச் செல்வார். அந்த இரட்டைச் சுர ஒலியை வைத்தே, குரல் வருவதற்கு முன்பே இது இவர்களுடைய பாட்டு என்று சொல்லிவிடலாம்.

2004-ல் வெளிவந்த 'சோல்-ஃபா' இவர்களின் பெருவெற்றித் தொகுப்பு. ஜப்பானின் இசை விற்பனையைக் கணக்கிடும் ஓரிகான் வாராந்திரப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதன் இரண்டாம் பாடலான 'ரீரைட்', 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' தொடரின் முகப்பாக உலகம் சுற்றியது. எழுதியதை அழித்துத் திருத்தி எழுதச் சொல்லும் அதன் பல்லவியில், முதல் சொல்லும் அடுத்து வரும் சொல்லும் 'ஷிதே' என்ற ஒரே ஓசையில் முடியும். இயைபுத் தொடையில் ஊறிய நமது காதுக்கு இது உடனே பிடித்துப்போகும். மொழி தெரியாமலேயே மனப்பாடம் ஆகிவிடும். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: முதலில் தேய்ந்ததும் இதே பாட்டுதான். ஐந்தாம் ஆண்டிலேயே பல்லவி வரும் இடத்தில் என் விரல் தானாக அடுத்த பாட்டுக்குப் போகத் தொடங்கியது. இப்போது அதில் எனக்கு மிஞ்சியிருப்பது, கருவிகள் அடங்கிக் குரல் தணிந்து ஒலிக்கும் நடுப்பகுதி மட்டுமே.

இந்தத் தொகுப்பின் குறுந்தகட்டை யோகோஹாமாவில் ஒரு பழைய குறுந்தகட்டுக் கடையில் மிகக் குறைந்த விலைக்கு வாங்கினேன். நகாமுரா யூஸுகே வரைந்த அட்டை பளபளவென்று இருந்தது. பெட்டியின் ஓரத்தில் சுற்றப்படும் 'ஓபி' என்ற காகிதப் பட்டைகூடக் கிழியவில்லை. வீட்டுக்கு வந்து திறந்தால் பாடல் வரிகள் அச்சிட்ட சிற்றேடு இல்லை. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, திறந்து பார்க்காதது என் தவறு. அந்த இழப்பால்தான் வரிகளைக் காதால் கேட்டு, அகராதியைப் புரட்டி, நோட்டில் எழுதும் பழக்கம் ஏற்பட்டது. 2004-ஆம் ஆண்டுப் பதிவைப் பற்றி ஒரு குறையும் உண்டு. ஒலி நெருக்கி அமுக்கப்பட்டிருப்பதால் ஹெட்போனில் ஒரு மணி நேரம் கேட்டால் காது களைத்துப்போகும். 2016-ல் குழு அதே பன்னிரண்டு பாடல்களையும் வரிசையைச் சற்றே மாற்றி மீண்டும் பதிவு செய்தது. அதில் ஒவ்வொரு கருவியும் தனித்தனியே தெளிவாகக் கேட்கிறது, குரலும் நிதானமாக இருக்கிறது. ஆயினும் நான் திரும்பத் திரும்பப் போவது பழைய பதிவுக்கே. தொண்டை கிழிந்துவிடுமோ என்று கேட்பவர் அஞ்சும் அந்தக் கத்தலைப் புதியதில் காணவில்லை.

'ப்ளீச்' தொடருக்காக வந்த 'ஆஃப்டர் டார்க்' இன்றும் பலருக்கு விருப்பமான பாட்டு. எனக்கு அது சுமார்தான். 'லூப் அண்ட் லூப்' எப்போது ஒலித்தாலும் சலிக்காது.

மெல்ல வளர்ந்த பாட்டு என்றால் 2008-ல் வந்த 'கொரொகாரு இவா, கிமி நி அசா கா ஃபுரு'. உருளும் கல்லே, உன் மீது விடியல் பொழிகிறது என்பது தலைப்பின் பொருள். வேகமும் இல்லை, கத்தலும் இல்லை. ஆதலால் முதல் மூன்று ஆண்டுகள் தவிர்த்தே வந்தேன். நோட்டில் வரிகளை எழுதி முடித்த பிறகுதான், உலகத்தை மாற்ற விரும்பியும் தன்னால் எதுவும் ஆகாது என்று தெரிந்துவைத்திருக்கும் ஒருவரின் தயக்கம் அது என்று விளங்கியது. 2022-ல் 'போச்சி தி ராக்!' என்ற அனிமேத் தொடரின் இறுதிப் பகுதியில் இப்பாட்டு மறுவடிவம் பெற்று, புதிய தலைமுறை ஒன்றைச் சென்றடைந்தது. அத்தொடரின் நான்கு நாயகியருக்கும் கோதோ, கிதா, யமாதா, இஜிச்சி என்று இவர்களின் குடும்பப் பெயர்களே சூட்டப்பட்டிருக்கின்றன. அந்த மறுவடிவத்தைக் கேட்டவர்கள் மூலப் பாட்டையும் ஒரு முறை கேட்க வேண்டும். கோதோவின் கரகரத்த குரலில் அது வேறொரு பாட்டு.

என் பயன்பாட்டில் தேய்மானமே இல்லாத தொகுப்பு, அதே 2008-ல் வந்த 'சர்ஃப் புங்காகு காமாகுரா'. ஃபுஜிசாவாவிலிருந்து காமாகுரா வரை கடலோரமாக ஓடும் எனோதென் ரயில் பாதையின் நிலையப் பெயர்களே இதன் பாடல் தலைப்புகள். பத்து கிலோமீட்டர், பதினைந்து நிலையங்கள். ஆனால் பாடல்கள் பத்துதான். ஃபுஜிசாவாவில் ரயில் கிளம்பும்போது முதல் பாட்டைத் தொடங்கினால், நடுவே சில நிலையங்களுக்குப் பாட்டு இல்லாததால் 'எனோஷிமா எஸ்கார்' ரயிலை முந்திக்கொண்டு ஒலிக்கத் தொடங்கும். பாட்டைச் சற்று நிறுத்தி, ரயில் வந்து சேரக் காத்திருக்க வேண்டும். எனோஷிமாவைத் தாண்டியதும் ரயில் சாலையின் நடுவே கார்களோடு கார்களாக ஊர்ந்து செல்லும். கோஷிகோயே நடைமேடை ரயிலைவிடக் குட்டையானது என்பதால் ஒரு பெட்டியின் கதவுகள் திறக்காது. அந்தப் பெட்டியில் உட்கார்ந்துகொண்டு 'கோஷிகோயே கிரைபேபி' கேட்பது என் வழக்கம். அடுத்த நிமிடம் வலப்பக்கம் முழுவதும் கடலாகிவிடும்.

2023-ல் விடுபட்ட ஐந்து நிலையங்களுக்கும் பாட்டு எழுதிச் சேர்த்து, பழைய பத்தையும் மீண்டும் பதிவு செய்து முழுமையான வடிவத்தை வெளியிட்டார்கள். புதியவற்றில் ஒன்றான 'யானகிகோஜி பேரலல் யூனிவர்ஸ்' பழைய பாடல்களோடு தயங்காமல் கைகோத்து நிற்கிறது. இப்போது சிக்கல் தலைகீழாகிவிட்டது: பதினைந்து பாட்டும் முடிவதற்கு வெகு முன்பே ரயில் காமாகுராவை அடைந்துவிடுகிறது. ஆகவே ஒரு நாள் பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு, பாதி வழியில் காமாகுரா கோகோமாயே நிலையத்தில் இறங்கிக் கடலைப் பார்த்தபடி இரண்டு மூன்று பாட்டுகளை முடித்துவிட்டு அடுத்த ரயிலில் ஏறுகிறேன். புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கும் முதல் தொகுப்பாக இதையே சொல்வேன். ரயிலேற வாய்ப்பில்லாதவர்கள் வரிசை மாற்றாமல் கேட்டால் போதும்.