பக்கெட்டிலிருந்து வாடிக்கையாளர் பட்டியல்: எட்டு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு

கும்பகோணத்தில் ஒரு குத்துவிளக்குக் கடையில் கம்ப்யூட்டர் வேலை எல்லாம் நான்தான் பார்க்கிறேன். சரக்கு நாச்சியார்கோவில் பட்டறைகளிலிருந்து வருகிறது. வாங்குகிறவர்கள் மன்னார்குடி, மயிலாடுதுறை, திருவாரூரில் தொடங்கி சென்னை, சிங்கப்பூர், கோலாலம்பூர் வரைக்கும் இருக்கிறார்கள். இவர்களுடைய பெயரும் போன் நம்பரும் நான்கு இடத்தில் சிதறிக் கிடந்தன: பில் போடும் சாஃப்ட்வேர், வெப்சைட் ஆர்டர், வாட்ஸ்அப், அப்புறம் கண்காட்சியில் ஸ்டால் போடும்போது எழுதி வாங்கும் நோட்டு. கார்த்திகை தீபத்துக்கு முன்னால் ஒவ்வொரு வருஷமும் எல்லாவற்றையும் எக்செல்லில் ஒட்டி, மெசேஜ் அனுப்பும் தளத்தில் கையால் ஏற்றுவேன். ஏற்றி முடிப்பதற்குள் பட்டியல் பழசாகிவிடும்.

போன ஆவணியில் முதலாளியிடம் பேசி, கிளவுடில் வைத்த ஃபைலைத் தானே வந்து எடுத்துக்கொள்ளும் வசதியுள்ள ஒரு மார்க்கெட்டிங் தளத்துக்கு மாறினோம். மெயில், எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் மூன்றும் ஒரே இடத்திலிருந்து போகும். இப்போது சித்திரை. ஒரு கார்த்திகை, ஒரு தை, ஒரு கல்யாண சீசன் முழுக்க இதில்தான் ஓடியிருக்கிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இணைப்பு நல்ல வசதி, கொடுத்த காசுக்குத் தகும். ஆனால் உள்ளே வந்தவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் காட்டுகிற தளம், வாசலிலேயே திருப்பி அனுப்பியவர்களைப் பற்றி வாயே திறப்பதில்லை. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். குறைந்த ஒன்றரையும் அதற்காகத்தான்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். ஃபைலை வைக்க அமேசானின் கிளவுட் சேமிப்பகமான எஸ்3 எடுத்துக்கொண்டோம், மும்பை ரீஜியனில் ஒரு பக்கெட் (ஃபைல்களைப் போட்டு வைக்கும் பெட்டி மாதிரி). எங்கள் ஃபைல் இரண்டு எம்பி கூட இல்லை, அதை வைத்திருக்க மாதம் ஒரு டீ காசு ஆகவில்லை. இந்தத் தளம் என்னிடம் ஆக்சஸ் கீ, அதாவது கணக்கைத் திறக்கும் ரகசியச் சாவி, கேட்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த முதல் விஷயம். கீயைக் கொடுத்தால் அது கையில் இருக்கும் எவருக்கும் கதவு திறக்கும், நாம் மாற்றும்வரை திறந்துகொண்டே இருக்கும். அதற்குப் பதில் இவர்கள் ரோல் முறையில் செய்கிறார்கள். நம்முடைய அமேசான் கணக்கில் நாமே ஒரு ரோல் உருவாக்கி, இன்ன கணக்கு நம்பரிலிருந்து வந்தால் இந்த ஃபோல்டரை மட்டும் படிக்கலாம் என்று எழுதி வைக்க வேண்டும். அவர்கள் ஒவ்வொரு முறையும் தற்காலிக அனுமதி வாங்கிக்கொண்டு வந்து படிப்பார்கள், கொஞ்ச நேரத்தில் அது தானாகக் காலாவதியாகிவிடும்.

கூடவே எக்ஸ்டர்னல் ஐடி என்று ஒரு நீளமான எண்ணெழுத்தைத் தருவார்கள். பலர் இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள், விடக்கூடாது. அந்தத் தளத்துக்கு ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள் இருப்பார்கள், எல்லோருக்காகவும் வருவது அதே ஒரு கணக்கு நம்பர்தான். வேறு யாரோ ஒருவர் தன் செட்டிங்கில் நம்முடைய ரோலின் முகவரியைப் போட்டுவிட்டால், தளம் அவருக்காக வந்து நம் பக்கெட்டைத் திறந்துவிடும். பார்சல் ஆபீஸ் ஆள் கடை வாசலில் வந்து நிற்கிறார் என்பதற்காக எந்த விளக்கையும் எடுத்துக் கொடுத்துவிட மாட்டோமே, லாரி ரசீதில் இருக்கும் எல்.ஆர். நம்பர் என்ன என்று கேட்போம் இல்லையா? அந்த எல்.ஆர். நம்பர்தான் எக்ஸ்டர்னல் ஐடி. இதை அவர்கள் கட்டாயமாகவே வைத்திருக்கிறார்கள், கேட்காமலே. அதற்கு முழு மார்க்.

அனுமதி எழுதும் இடத்தில் அரை நாள் போனது. எஸ்3யில் பக்கெட்டுக்குள் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் பார்க்க ஒரு அனுமதி, அது லிஸ்ட்பக்கெட். ஃபைலைத் திறந்து படிக்க இன்னொன்று, கெட்ஆப்ஜெக்ட். முதலாவதைப் பக்கெட்டின் பெயரில் கொடுக்க வேண்டும், இரண்டாவதைப் பக்கெட் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்வுக்கோடும் நட்சத்திரமும் போட்டுக் கொடுக்க வேண்டும். நான் நட்சத்திரத்தை விட்டுவிட்டேன். தப்பு என்னுடையதுதான். ஆனால் தளத்தில் 'இணைப்பைச் சோதி' பொத்தானை அழுத்தினால் பச்சை டிக் வருகிறது, ஏனென்றால் அது பட்டியலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. இரவு இம்போர்ட், அதாவது ஃபைலைத் தளம் உள்ளே இழுக்கும் வேலை, ஓடும்போதுதான் படிக்க முடியாமல் விழுகிறது, அதற்கும் 'தோல்வி' என்ற ஒரே சொல்தான் பதில். சோதனை என்றால் ஒரு ஃபைலையாவது திறந்து பார்க்க வேண்டாமா?

சரி, இணைப்பு ஆகிவிட்டது. இனிமேல்தான் உண்மையான வேலை, அது ஃபைலுக்குள் இருக்கிறது.

எங்கள் ஃபைலில் 6,212 வரிகள். கணக்குப் பார்க்கும் அக்கா, அனுமதி சரியான பிறகு ஓடிய முதல் இம்போர்ட் அன்று மதியம் எக்செல்லில் திறந்து இரண்டு பெயர்களைத் திருத்திவிட்டு சேமித்திருந்தார்கள். 91 சேர்ந்த பன்னிரண்டு இலக்க நம்பரை எக்செல் பெரிய எண் என்று நினைத்து 9.19இ+11 என்று சுருக்கிக் காட்டும், அப்படியே சிஎஸ்வியாக (கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) சேமித்தால் ஃபைலுக்குள் போவதும் அந்தச் சுருக்கம்தான், பின்னால் இருந்த இலக்கங்கள் போயே போச்சு. தமிழில் எழுதிய பெயர்கள் வரிசையாகக் கேள்விக்குறி ஆகியிருந்தன, சேமிக்கும்போது தமிழ் எழுத்தையும் காக்கும் சிஎஸ்வி யுடிஎஃப்-8 என்ற வகையைத் தேர்ந்தெடுக்காததால் வந்த வினை. அதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால் வேறு சிக்கல்: எக்செல் ஃபைலின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் சேர்த்துவிடுகிறது. அது முதல் நிரலின், அதாவது செங்குத்து வரிசையின், தலைப்போடு ஒட்டிக்கொள்ள, தளம் அந்தத் தலைப்பை அடையாளம் தெரியாது என்கிறது. திரையில் பார்த்தால் எழுத்து எழுத்தாகச் சரியாகத்தான் இருக்கிறது. இரண்டு ராத்திரி இதில் போனது. இப்போது ஃபைலை எக்செல் பக்கமே விடுவதில்லை. திருத்தம் எதுவானாலும் பில் சாஃப்ட்வேரில் செய்ய வேண்டும், இரவு பத்து மணிக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எல்லா இடத்திலிருந்தும் சேர்த்து ஏற்றிவிடும்.

அப்புறம் நம்பர் விஷயம். நாட்டுக் குறியீடு இல்லாத நம்பருக்குத் தளம் தானாகவே +91 போடுகிறது. நம்மூர் ஆட்களுக்கு வசதிதான். ஆனால் சிங்கப்பூர் நம்பர் எட்டு இலக்கம், அதற்கும் முன்னால் 91 போட்டு, பிறகு செல்லாத நம்பர் என்று தூக்கிப் போட்டுவிட்டது. தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது மூன்றடி விளக்கு ஜோடியாக வாங்கிப் போகிறவர்கள் இவர்கள். எல்லா நம்பரையும் பிளஸ், நாட்டுக் குறியீடு, நம்பர் என்று முழுசாக எழுதி அனுப்புவது ஒன்றுதான் வழி.

பெயர் இதைவிட மனசைப் பாதித்தது. தளம் முதல் இடைவெளியில் பெயரை வெட்டி, முன்பாதியை முதல் பெயர் என்றும் பின்பாதியைக் குடும்பப் பெயர் என்றும் வைத்துக்கொள்கிறது. நாம் இனிஷியலை முன்னால் போடுகிறவர்கள். 'எஸ். மீனாட்சி' என்று இருந்தால் மெசேஜ் 'வணக்கம் எஸ்.' என்று போகிறது. இருபது வருஷமாக நம்மிடமே விளக்கு வாங்கும் ஒரு அம்மாவை இப்படியா கூப்பிடுவது? சோதனை மெசேஜ் என் போனுக்கு வந்தபோதே கண்ணில் பட்டதால் தப்பித்தோம். அழைக்கும் பெயர் என்று தனி நிரல் வைத்து, அதில் 'மீனாட்சி அம்மா' என்றே எழுதி அனுப்புகிறோம். தமிழ்ப் பெயர்கள் வைத்திருக்கிற எல்லோரும் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

இப்போது என் பெரிய குறைக்கு வருகிறேன். இத்தனை கோளாறும் இருந்த அந்த முதல் இரவு இம்போர்ட்டுக்குத் தளம் காட்டியது என்ன தெரியுமா? 'வெற்றி'. அவ்வளவுதான். உள்ளே போய் எண்ணினால் 5,072 பேர். 1,140 பேரைக் காணோம். யார், எந்த வரி, என்ன காரணம் என்ற விவரம் எங்கேயும் இல்லை, மூன்றாவது மெனுவுக்குள் 'தவிர்க்கப்பட்டவை' என்று ஒரு எண் மட்டும் இருந்தது. பழைய ஃபைலையும் உள்ளே போனவர்கள் பட்டியலையும் நானே ஒப்பிட்டுத்தான் ஒவ்வொரு காரணமாகக் கண்டுபிடித்தேன். ஐப்பசி அடைமழையில் ஒரு ராத்திரி கரண்ட் இல்லை, ஃபைல் ஏறவே இல்லை. காலையில் பார்த்தால் அன்றைக்கும் 'வெற்றி', பக்கெட்டில் கிடந்த முந்தின நாள் ஃபைலையே மறுபடி படித்துவிட்டிருக்கிறது. அன்றிலிருந்து ஃபைல் பெயரிலேயே தேதி சேர்த்துவிட்டோம், அந்தத் தேதி ஃபைல் இல்லையென்றால் இம்போர்ட் நிற்கும்.

காணாமல் போனவர்களில் ஒரு பகுதி மெயில் முகவரியால் போனது. தளம் ஆட்களை அடையாளம் காண்பதே மெயிலை வைத்துத்தான். டெல்டாவில் விளக்கு வாங்க வருகிற எத்தனை பேருக்கு சொந்த மெயில் இருக்கிறது? மூன்று குடும்பத்துக்கு ஒரே பையனின் மெயில் கொடுத்திருப்பார்கள். மூன்று பேரும் ஒரே ஆளாகிவிட்டார்கள், கடைசி வரியில் இருந்தவர் பெயர் மட்டும் நின்றது. போன் நம்பரையும் முழுசாக நம்ப முடியாது, மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே நம்பர் இருக்கும். எங்கள் பில்லில் ஒவ்வொருவருக்கும் ஒரு வாடிக்கையாளர் எண் உண்டு, அதையே அடையாளமாக வைக்கும்படி மாற்றினோம். செட்டிங்கில் அந்த வசதி இருக்கிறது, ஆனால் முதல் இம்போர்ட்டுக்கு முன்னாலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு மாற்றினால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

மன்னார்குடியிலிருந்து ஒரு பெரியவர், ரிட்டயர்டு வாத்தியார், ஒருநாள் கடைக்குப் போன் செய்தார். "தம்பி, போன மாசமே வேணாம்னு அனுப்பிட்டேன்ல? மறுபடி எதுக்குப்பா வருது?" குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பார்த்தேன். அவர் நிறுத்தச் சொன்னது தளத்தில் ஒழுங்காகப் பதிவாகியிருந்தது. ஆனால் எங்கள் ஃபைலில் 'அனுமதி' என்ற நிரலில் அவருக்கு இன்னும் 'ஆம்' என்றே இருந்தது. ராத்திரி இம்போர்ட் ஓடும்போது ஃபைலில் இருந்த 'ஆம்', அவர் சொன்ன 'வேண்டாம்' மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. எல்லா நிரலையும் புதுப்பி என்பதுதான் தளத்தின் இயல்பான செட்டிங். ஒரு ஆள் தன் வாயால் வேண்டாம் என்று சொன்னதை ஒரு சிஎஸ்வி வரி அழிக்க முடியும் என்றால் அந்த அமைப்பு தப்பு, இதில் எனக்குச் சமாதானமே இல்லை. 2023ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி பார்த்தாலும் பொறுப்பு நம் தலையில்தான். தளம் நமக்காக வேலை செய்கிற இடம் மட்டுமே, சம்மதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது தரவை வாங்கி வைத்திருக்கிற கடை.

இப்போது அந்த நிரலை இம்போர்ட்டிலிருந்தே எடுத்துவிட்டோம். புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும் பில் போடும்போது கேட்டு, சரி என்றால்தான் ஃபைலில் சேர்க்கிறோம். வேண்டாம் என்றவர்களின் பட்டியலைத் தளம் தினமும் பக்கெட்டில் தனி ஃபோல்டரில் எழுதுகிறது, அந்த ஒரு ஃபோல்டரில் எழுத மட்டும் தனி அனுமதி கொடுத்திருக்கிறேன், எங்கள் ஸ்கிரிப்ட் அதைப் படித்து அவர்களை நீக்கிவிடுகிறது. இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: நம் ஃபைலிலிருந்து ஒருவரை எடுத்துவிட்டால் தளத்திலிருந்து அவர் போய்விட மாட்டார். இம்போர்ட் சேர்க்கும், திருத்தும், நீக்காது. என் விவரத்தை அழித்துவிடுங்கள் என்று யாராவது கேட்டால் இரண்டு இடத்திலும் அழிக்க வேண்டும். பக்கெட்டில் வெர்ஷனிங் போட்டிருந்தால் பழைய பிரதியும் உள்ளே இருக்கும், அதையும் பார்க்க வேண்டும். நாங்கள் முப்பது நாளில் பழையது தானாக அழியும்படி வைத்திருக்கிறோம்.

நேரம் பற்றி ஒரு வரி. தளத்தின் கடிகாரம் யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், ஓடுகிறது. காலை 6 மணி என்று நான் வைத்தது நம்ம நேரம் 11.30க்கு ஓடியது, அதற்குள் 9 மணி மெசேஜ் பழைய பட்டியலுக்குப் போய், முந்தின நாள் விளக்கு வாங்கியவருக்கே 'இன்னும் விளக்கு வாங்கவில்லையா' என்று போய்விட்டது. ஐந்தரை மணி நேரத்தைக் கழித்துப் போடுங்கள்.

உதவிப் பிரிவு மரியாதையாகப் பேசுகிறது, பதில் வர இரண்டு நாள் ஆகிறது, எல்லாம் ஆங்கிலத்தில்.

ஆயிரம், ஆயிரத்தைந்நூறு பெயர் ஒரே இடத்தில் இருக்கிற கடை என்றால் இது தேவையில்லை, மாதம் ஒருமுறை கையால் ஏற்றினாலே போதும். எங்களைப் போல நாலு இடத்திலிருந்து ஆள் வருகிறார்கள், பட்டியல் தினம் மாறுகிறது என்றால் கண்டிப்பாக எடுக்கலாம். இந்தக் கார்த்திகைக்கு நான் ஒருநாள்கூட எக்செல்லோடு உட்காரவில்லை. சிங்கப்பூர் வீடுகளுக்கும் மெசேஜ் போய்ச் சேர்ந்தது. தினமும் காலையில் கடை திறந்ததும் அக்கா நேற்றைய பில்லில் எத்தனை புதுப் பெயர் என்று சொல்வார்கள், நான் தளத்தில் எத்தனை கூடியிருக்கிறது என்று பார்ப்பேன். இரண்டும் ஒத்துப்போனால் அடுத்த வேலை, ஒரு எண் குறைந்தாலும் அந்த ஆளைத் தேடிப் பிடித்துவிட்டுத்தான் டீ. விடுபட்ட வரிகளைக் காரணத்தோடு தினமும் பக்கெட்டிலேயே ஒரு ஃபைலாக எழுதித் தாருங்கள் என்று அவர்களிடம் மூன்று முறை கேட்டிருக்கிறேன், செய்கிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். சந்தா ஆவணியில் முடிகிறது. அதற்குள் அந்த ஃபைல் வந்துவிட்டால் புதுப்பிப்போம், வராவிட்டால் வேறு தளம் பார்க்கலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.