பள்ளிக்கூடத்தை யார் பார்த்துக்கொள்வது: மேலிடமா, ஊரா?

2022இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது, எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளிக் குழுவுக்கு நான் தலைவியானேன். மொத்தம் 20 உறுப்பினர்கள், அதில் 15 பேர் பெற்றோர். பொறுப்பில் இருந்த இரண்டு ஆண்டும் ஒரே கேள்விதான் வந்துகொண்டிருந்தது. ஒரு குறை என்றால் மேலே எழுதிப்போட்டுக் காத்திருப்பதா, தீர்மானம் போட்டு நாமே செய்துவிடுவதா? பெரும்பாலும் நாமே செய்வது என்றுதான் முடிவெடுத்தோம். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

மேலிடத்தின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது பாடநூல் கைக்கு வருவதும், கடைக்கோடி ஊர் ஆசிரியருக்கும் நகரத்து ஆசிரியருக்கும் ஒரே சம்பள விகிதம் என்பதும் மாநிலம் முழுக்க ஒரே நிர்வாகம் இருப்பதால்தான். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். அதன்பின் மாநிலம் முழுவதும் பழைய கட்டடங்களைச் சோதித்து ஆபத்தானவற்றை இடித்தார்கள். ஊர் ஊராகத் தீர்மானம் போட்டு நடக்கிற வேலை இல்லை அது.

ஆசிரியர் நியமனமும் இடமாறுதலும் ஊர் கையில் இருக்கவே கூடாது. எங்கள் பள்ளிப் பலகையில் இன்றும் ‘ஊராட்சி ஒன்றியம்’ என்ற பெயர் இருக்கிறது. அதுவரை ஒன்றியத்தின் ஊழியர்களாக இருந்த இந்தப் பள்ளி ஆசிரியர்கள் 1981 ஜூனில்தான் அரசு ஊழியர்கள் ஆனார்கள். அதற்கு முன்பு வேலை பார்த்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்: ஒன்றியத் தலைவருக்குப் பிடிக்காத ஆசிரியர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலை எதிர்பார்த்திருக்க வேண்டும். அந்த நிலைமை திரும்பி வர நான் ஒருநாளும் கேட்கமாட்டேன்.

ஆனால் பராமரிப்பு என்று வந்தால் என் பதில் வேறு. அதற்குக் காரணம் ஒரு மோட்டார்.

2022 கடைசியில் பெண்கள் கழிப்பறைக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்துபோனது. கட்டடம் ஊரக வளர்ச்சித் துறைக்குக் கீழே வருகிறது, ஆசிரியர்கள் கல்வித் துறைக்குக் கீழே. தலைமையாசிரியர் இரண்டு பக்கமும் எழுதினார். பொறியாளர் வந்து பார்க்க வேண்டும், எஸ்டிமேட் போட வேண்டும், நிதி வந்ததும் செய்வோம் என்றார்கள். யாரும் முடியாது என்று சொல்லவில்லை, யாரையும் நான் குறை சொல்லவும் இல்லை. ஆனால் ஏழு வாரம் ஓடிவிட்டது. அந்த ஏழு வாரத்தில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகளில் சிலர் மதியம் வீட்டுக்குப் போனால் திரும்பி வருவதில்லை. வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தபோதுதான் எனக்கே அது உறைத்தது. காலையில் எல்லோரும் வந்ததாக இருக்கும், மதியத்தில் ஆள் குறையும். காரணம் எழுத அந்த நோட்டில் கட்டம் கிடையாது.

எட்டாவது வாரம் குழுவைக் கூட்டித் தீர்மானம் போட்டோம். பக்கத்து ஊரிலிருந்து மோட்டார் கட்டுகிற தம்பி வந்து கழற்றிப் பார்த்தார். “அக்கா, காயில்தான் போயிருக்கு. நாளைக்கழிச்சு மாட்டித் தர்றேன்” என்றார். சொன்னபடியே மாட்டினார். செலவு 2,200 ரூபாய்.

பராமரிப்பு எப்போதும் இப்படித்தான்: சின்னச் செலவு, அடிக்கடி வரும், எப்போது வரும் என்று தெரியாது. மேலிடத்தின் ஏற்பாடுகளோ பெரிய வேலைக்கானவை, எப்போதாவது வருகிற, முன்கூட்டியே திட்டமிடுகிற வேலைக்கானவை. எஸ்டிமேட், டெண்டர், ஒப்பந்ததாரர் என்கிற வழி வகுப்பறை கட்டுவதற்குச் சரி. 2,200 ரூபாய் வேலையை அந்த வழியில் அனுப்பினால் வேலையைவிடக் காகிதம்தான் அதிகமாகும். தகவல் சேகரிப்பும் அப்படித்தான். வருடாந்தரப் படிவத்தில் கழிப்பறை பயன்பாட்டில் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். ஆம் என்று பதிந்த அன்று தண்ணீர் வந்தது உண்மை. அடுத்த வாரம் நின்றுபோனால் அடுத்த வருடப் படிவம் வரும்வரை அந்த ‘ஆம்’ அப்படியே நிற்கும். தினமும் அந்தக் கதவைத் திறந்து பார்க்கிறவர் கையில் கொஞ்சம் பணமும் செலவழிக்கும் அதிகாரமும் இருந்தால்தான் குழாயில் தண்ணீர் வரும், கதவு மூடும், விளக்கு எரியும்.

அந்தப் பணம் இருக்கிறது, ஆனால் குறைவு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கைப்படி வருகிறது. 101 முதல் 250 பேர் வரை படிக்கிற பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். அதில் குறைந்தது 10 விழுக்காடு தூய்மைக்கு. சுண்ணாம்புக்கட்டி, மின்கட்டணம், பழுது எல்லாம் அதற்குள்தான். இந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு ஒன்றிய அரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்கும் தர வேண்டும். ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பிஎம் ஸ்ரீயில் கையெழுத்திடவில்லை என்பதற்காக 2024–25க்கான 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது என்று மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்கே போனது. பணம் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறதோ, வழியில் நிற்கிற இடங்களும் அவ்வளவு. ஒன்றிய அரசிடம் மாநிலம் கேட்கிற உரிமையைத்தான், அதைவிடச் சின்ன அளவில், மாநிலத்திடம் ஊர்ப் பள்ளி கேட்கிறது. முதலாவதை நியாயம் என்கிறவர்கள் இரண்டாவதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கேரளத்தில் 1990களின் நடுவில் அரசுத் தொடக்கப்பள்ளிகளைக் கிராம ஊராட்சியிடமும் உயர்நிலைப்பள்ளிகளை மாவட்ட ஊராட்சியிடமும் ஒப்படைத்தார்கள். ஆசிரியர் நியமனமும் சம்பளமும் மாநிலத்திடமே இருந்தன. எனக்குச் சரியென்று படுகிற பிரிவினை அதுதான்.

ஊர்க் கட்டுப்பாட்டுக்கும் விலை உண்டு. மாதக் கூட்டத்துக்கு வருகிற தாய்மார்களில் பலர் கூலி வேலையை விட்டுவிட்டுத்தான் வருகிறார்கள், அதற்குப் படி எதுவும் கிடையாது. ரசீது, கணக்கு, தணிக்கை எல்லாம் நாங்கள் தட்டுத் தடுமாறிக் கற்றவை. இதைவிடப் பெரிய கவலை சாதி. எங்கள் ஊர் சின்னது, குழுவில் எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் இருந்தார்கள், பிரச்சினை வரவில்லை. ஒரு தெருவின் கையிலேயே குழு முழுவதும் இருக்கிற ஊரில் எந்தப் பிள்ளைகளின் கழிப்பறை முதலில் பழுது பார்க்கப்படும் என்பதற்கு என்னால் உறுதி சொல்ல முடியாது. அப்படிப்பட்ட ஊரில் மேலிடத்தின் கண் கட்டாயம் தேவை. ஆயிரம் பேர் படிக்கிற மேல்நிலைப்பள்ளியிலும் மாநகராட்சிப் பள்ளியிலும் எனக்கு அனுபவம் இல்லை. அங்கே ஒரு பெற்றோர் குழுவால் சமாளிக்க முடியுமா என்பதை அங்கே இருந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

2024இல் பொறுப்பை ஒப்படைத்தபோது புதிய தலைவியிடம் கணக்கு நோட்டையும் மோட்டார் கட்டும் தம்பியின் எண்ணையும் கொடுத்தேன். சுற்றுச்சுவருக்காக நாங்கள் கொடுத்த மனுவின் நகலும் அதோடு போனது. அது எங்கள் 50,000 ரூபாயில் ஆகிற வேலை இல்லை, மேலிடம்தான் செய்ய வேண்டும். இன்னும் பதில் வரவில்லை.