கம்பெனி தரும் வீடியோ டாக்டர்: மூன்று வருடம் பயன்படுத்திய பிறகு

பெருங்குடியில் எச்.ஆர். வேலை பார்க்கும் தோழி கேட்டாள்: "குரூப் இன்சூரன்ஸ் ரெனியூவல் வருது. கூடவே வீடியோ கன்சல்டேஷனும் தர்றோம்ங்கிறாங்க. உங்க ஆபீஸ்ல இருக்கே, உருப்படியா இருக்கா?" போனில் சொல்லி முடியவில்லை, எழுதிவிடுகிறேன். எங்களுக்கு இது வந்து மூன்று வருடம் ஆகப்போகிறது, பெற்றோருக்கும் சேர்த்து.

குரூப் பாலிசி பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். காய்ச்சல், இருமல் என்று டாக்டரைப் பார்ப்பதெல்லாம் கைக்காசு. அந்த இடத்தில் இது நிஜமாகவே உதவுகிறது. போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, மணி பதினொன்றுக்கு மேல், மூன்று வயது மகளுக்குக் காய்ச்சல். மூச்சு வேகமாக வாங்குவது போலவும் இருந்தது. தமிழ் பேசும் குழந்தைகள் டாக்டர் ஒருவர் கிடைத்தார். சட்டையைத் தூக்கி, நெஞ்சும் வயிறும் தெரிகிற மாதிரி போனைப் பிடிக்கச் சொன்னார். விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறதா என்று பார்த்தார். ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணச் சொல்லி, தானும் எண்ணினார். "இந்த வயசுக்கு 40-ஐத் தொட்டா உடனே ஆஸ்பத்திரி" என்றார். தொடவில்லை. அந்த டாக்டரம்மாவுக்கு இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆனால் என் அம்மா விஷயத்துக்கு வந்தால் கோபம்தான் வருகிறது. அவருக்கு சுகர், ப்ரஷர் இரண்டும் உண்டு. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது. ஒவ்வொரு முறையும் ஒரு புது டாக்டர். ரிப்போர்ட்டெல்லாம் ஆப்பில் ஏற்றியிருக்கிறோம், யாரும் திறந்து பார்ப்பதில்லை. அம்மா மாத்திரை அட்டையை கேமரா முன்னால் பிடிப்பார். ட்யூப்லைட் பட்டுப் பளபளக்கும், பெயர் தெரியாது. நான் எழுத்து எழுத்தாகப் படித்துச் சொல்ல வேண்டும். பாதி நேரம் அதிலேயே போய்விடும். ஒருவர் ராத்திரி மாத்திரையைக் கூட்டினார். அடுத்து வந்தவர், ஏன் கூட்டினார்கள் என்று அம்மாவையே கேட்கிறார்!

மத்திய அரசு 2020 மார்ச் 25 அன்று வெளியிட்ட டெலிமெடிசின் (போன், வீடியோ வழியாக வைத்தியம்) வழிகாட்டுதல்களே இதைத் தெளிவாகச் சொல்கின்றன: ஃபாலோ-அப் என்றால் அதே டாக்டர், அதே நோய், ஆறு மாதத்துக்குள். முன்பு என்ன சொன்னோம் என்பது டாக்டருக்கு நினைவில்லை என்றால் அது ஃபாலோ-அப்பே இல்லை. அப்படிப் பார்த்தால் அம்மாவுக்கு இத்தனை நாளாக நடந்ததெல்லாம் முதல் கன்சல்டேஷன்தான். புகார் கொடுத்தால் 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று ஒரு மெயில் வரும், அவ்வளவுதான்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. அந்தப் பழியை ஆப் மேல் போட மாட்டேன். ஆனால் யாரோ ஒரு டாக்டர் போதுமென்றால் அரசின் ஆன்லைன் டாக்டர் சேவை இ-சஞ்சீவனி இலவசமாகவே இருக்கிறதே! கம்பெனி காசு கொடுத்து வாங்குவது, தெரிந்த ஒரு டாக்டர் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பதற்குத்தானே?

அதனால் தோழிக்கு என் பதில்: இப்போதைக்கு வேண்டாம். குழந்தை விஷயத்தில் அவ்வளவு உதவியதை மறக்காமல்தான் சொல்கிறேன். விற்க வருகிறவரிடம் ஒன்று மட்டும் கேள். சுகர், ப்ரஷர் உள்ளவர்களுக்கு வருடம் முழுக்க ஒரே டாக்டர் என்று ஒப்பந்தத்தில் எழுதித் தருவார்களா? மாட்டார்கள் என்றால் அந்தப் பணத்தை ஓ.பி. செலவுக்கு, அதாவது ஆஸ்பத்திரியில் படுக்காமல் டாக்டரைப் பார்த்துவிட்டு வரும் செலவுக்கு, ஒதுக்கிவிடு. அவரவர் தெரு டாக்டரிடம் போய்க் காட்டிவிட்டு, பில்லைக் கொடுத்துக் காசை வாங்கிக்கொள்ளட்டும்.