சிறும மதிப்புகளை ஒப்பிட ஜியோஜீப்ரா: ஒரு மதிப்பீடு

இருபடிச் சார்பு என்றால் வர்க்கப் பூர்த்தி, முக்கோணவியல் சார்பு என்றால் வீச்சு (அலை தன் நடுக்கோட்டிலிருந்து விலகும் உச்ச அளவு), வேறு எதுவானாலும் வகையிடல் என்று, சிறும மதிப்பு, அதாவது ஒரு சார்பு அடையும் மிகக் குறைந்த மதிப்பு, காணும் வழிகளை மேல்நிலை மாணவர்கள் தனித்தனியாகப் பழகிக்கொள்கிறார்கள். இரண்டு வகைச் சார்புகளை அருகருகே வைத்து, எதன் சிறும மதிப்பு குறைவு, ஏன் குறைவு என்று கேட்டால்தான் தடுமாற்றம் தொடங்குகிறது. இந்த ஒப்பீட்டுக்கு ஜியோஜீப்ரா வரைபடச் செயலி எந்த அளவுக்குத் துணை நிற்கிறது என்பதை மட்டுமே இங்கு மதிப்பிடுகிறேன். மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் 2001ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மென்பொருள் இது. தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல்களின் இணையச் செயல்பாட்டுப் பகுதிகளும் இதையே பயன்படுத்துவதால், நம் மாணவர்கள் பலருக்கு இதன் பெயராவது தெரிந்திருக்கும்.

எளிய கணக்குகளில் குறை சொல்ல எதுவுமில்லை. எக்ஸ்² − 6எக்ஸ் + 11 என்று உள்ளிட்டு, பரவளையத்தின் முனையைத் தொட்டால் (3, 2) என்ற புள்ளி கிடைக்கிறது. அதே தளத்தில் 3 சைன் எக்ஸ் + 4 காஸ் எக்ஸ் + 7 என்ற சார்பையும் வரைந்தால், அதன் வளைவும் 2 என்ற உயரம்வரை இறங்கி மீண்டும் ஏறுகிறது. வீச்சு 5 ஆதலால், 7இலிருந்து 5 போக மிஞ்சுவது 2. இரண்டின் சிறும மதிப்பும் ஒன்றே என்றாலும், பரவளையம் அதை ஒரே ஓர் இடத்தில் அடைகிறது, அலையோ 2பை இடைவெளிக்கு ஒருமுறை அடைந்துகொண்டே இருக்கிறது. கரும்பலகையில் சில வரிகள் எழுதி விளக்க வேண்டிய இந்த வேறுபாடு, திரையில் பார்த்த உடனே பிடிபடுகிறது.

ஆனால் இச்செயலியின் உண்மையான வலிமை, ஓர் எண்ணின் மதிப்பை இழுத்து மாற்ற உதவும் ஸ்லைடரில் இருக்கிறது. எக்ஸ்² − 2ஏஎக்ஸ் + ஏ² + 1 என்பதை எஃப் என்று பெயரிட்டுக்கொண்டு, அடுத்த வரியில் எஃப்(சைன் எக்ஸ்) என்று உள்ளிட்டால், இருபடிச் சார்பும் அதனுள் சைனைப் பொருத்திப் பெற்ற சார்பும் ஒன்றாகத் தோன்றும். ஏ-யின் மதிப்பை ஸ்லைடரால் எப்படி மாற்றினாலும் பரவளையத்தின் சிறும மதிப்பு 1ஆகவே நிற்கிறது. சைன் சார்பின் சிறும மதிப்போ, ஏ-யின் மதிப்பு −1 முதல் 1 வரை இருக்கும்போது மட்டும் 1. அந்த எல்லையைத் தாண்டியதும் மேலே ஏறத் தொடங்கி, ஏ 2 ஆகும்போது 2ஆகவும், 3 ஆகும்போது 5ஆகவும் ஆகிறது. சைனின் மதிப்பு 1ஐத் தாண்டாது என்பதால், பரவளையத்தின் முனை அந்த எல்லைக்கு வெளியே போனதும் அதை எட்ட வழியில்லாமல் போகிறது. ‘முனையின் மதிப்பே விடை’ என்று எழுதி மதிப்பெண் இழக்கும் மாணவருக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கண்டதில்லை. இந்த ஒரு பயிற்சிக்காகவே செயலியை நிறுவலாம் என்பேன்.

கட்டளைகளைப் பயன்படுத்தும்போது கவனம் தேவை. ஓர் இடைவெளியில் சிறுமப் புள்ளியைத் தரும் ‘மின்’ (Min) கட்டளை, அந்த இடைவெளியில் ஒரே ஓர் இடஞ்சார்ந்த சிறுமம்தான் (தன் அக்கம்பக்கத்தைவிடத் தாழ்ந்த புள்ளி) இருக்கிறது என்ற நிபந்தனையோடு இயங்குகிறது. காஸ் 2எக்ஸ் + சைன் எக்ஸ் என்ற சார்புக்கு 0 முதல் 2பை வரை இரண்டு சிறுமங்கள் உண்டு: பை/2இல் மதிப்பு 0, 3பை/2இல் மதிப்பு −2. நிபந்தனையை மறந்து முழு இடைவெளியையும் கொடுப்பவர், கிடைக்கும் விடையை அப்படியே நம்பிவிடக் கூடாது. வளைவை முதலில் கண்ணால் பார்த்து, இடைவெளியைச் சுருக்கிக் கொடுப்பதே சரியான முறை. முக்கோணவியல் சார்புகள் இயல்பிருப்பில் ரேடியனில் கணக்கிடப்படுகின்றன என்பதையும், பாகையில் வேண்டுமானால் பாகைக் குறியைச் சேர்த்தே உள்ளிட வேண்டும் என்பதையும் புதியவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

ஒப்பீட்டில் மிகவும் ஏமாற்றக்கூடியது தசம இடங்களின் எண்ணிக்கை. தொடக்க அமைப்பில் இரண்டு தசம இடங்களே காட்டப்படுவதால், சைன் எக்ஸ் + காஸ் எக்ஸ் என்பதன் சிறும மதிப்பும், எக்ஸ்² − 2எக்ஸ் − 0.41 என்பதன் சிறும மதிப்பும் −1.41 என்றே தெரிகின்றன. முதலாவது உண்மையில் −√2, அதாவது ஏறத்தாழ −1.4142 என்பதால் அதுவே சிறியது. அமைப்புகளில் தசம இடங்களைக் கூட்டிக்கொள்ளலாம் என்றாலும், துல்லியமான விடை வேண்டுவோர் இயற்கணிதக் கணிப்பான் பகுதிக்குச் சென்று, வகைக்கெழுவைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தித் தீர்ப்பதே நல்லது. அங்கு √2 மூலக்குறியோடே கிடைக்கிறது. இதே வேலைக்குப் பலரும் நாடும் டெஸ்மோஸ் என்ற மற்றொரு வரைபடச் செயலி, வளைவைத் தொட்டதுமே சிறும, பெருமப் புள்ளிகளைச் சாம்பல் நிறத்தில் காட்டிவிடுவதால் விரைவானது. ஆயினும் அது தசம எண்ணில்தான் விடை தருகிறது, இயற்கணித முறையில் தீர்ப்பதில்லை என்பதால், மிக நெருங்கிய இரு மதிப்புகளை ஒப்பிடும் கணக்குக்கு நான் ஜியோஜீப்ராவையே தேர்ந்தெடுப்பேன்.

வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்குக் கட்டணம் இல்லை. கைபேசியில் நிறுவிய பின் இணைய இணைப்பின்றியும் வரைபடங்களை வரையலாம். வர்க்கப் பூர்த்தியைக் கையால் செய்து பழகாத மாணவரிடம் இதை முதலிலேயே கொடுக்க வேண்டாம் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கணக்கைத் தாளில் முடித்து, சிறும மதிப்பு எங்கே அமையும் என்று எழுதிவைத்த பிறகு செயலியைத் திறப்பவருக்குத்தான், தம் விடையும் வளைவும் பொருந்தாத இடத்தில் எந்தப் படி தவறியது என்று தேடத் தோன்றும்.