பில்லில் எச்.சி.டி., கையில் எச்.சி.: ஐ.சி. வாங்குகிறவர்கள் பார்த்து வாங்கவும்

கம்பத்தில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். குமுளி, வண்டன்மேடு பக்கத்து ஏலக்காய் ஸ்டோர்களுக்கு, உலர்த்தும் அறையின் வெப்பத்தைக் காட்டும் பலகை செய்து கொடுக்கிறேன். பலகையை இயக்கும் சின்னக் கணினிச் சில்லான இ.எஸ்.பி.32 தரும் சிக்னல் 3.3 வோல்ட், பி10 எல்.இ.டி. பலகைக்கு வேண்டியது 5 வோல்ட். இடையில் போட்டு 3.3ஐ 5 ஆக்க, 74எச்.சி.டி.245 என்ற ஐ.சி. (சில்லு) பத்து கேட்டேன். கடைக்காரர் பில்லிலும் அப்படியேதான் எழுதினார்.

பட்டறை மேஜையில் எண்கள் பளிச்சென்று தெரிந்தன. வண்டன்மேட்டில் மாட்டிய அன்று மாலை, புளோயர் மோட்டார் ஓடத் தொடங்கியதும் 52 என்ற எண் சிதறிப் புள்ளிகளாகிவிட்டது. ஸ்டோர்க்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

கடைக்குப் போய், கொடுத்தது எச்.சி.டி.யா, எச்.சி.யா என்று கேட்டேன். "இரண்டும் ஒன்றுதான் அண்ணே, ஓர் எழுத்துதானே வித்தியாசம்! வேண்டுமானால் டி.எக்ஸ்.பி.0108 போடுங்கள், வோல்டேஜ் மாற்றவென்றே வந்தது" என்று அதையும் என் தலையில் கட்டினார். அது சிக்னல் போகும் திசையைத் தானாகவே அறியும் வகை. அதற்காக அதன் வெளியீட்டைச் சுமார் 4 கிலோ ஓம் வழியாக வலுவில்லாமல்தான் வைத்திருப்பார்கள். பக்கத்துப் பக்கத்து ஐ.சி.க்களுக்குச் சரி, என் ஒரு மீட்டர் ரிப்பன் கேபிளை அது தாங்கவில்லை. தவிர, என் சிக்னல் போவது ஒரே திசையில். திசையறியும் வித்தை எனக்கு எதற்கு?

அந்த ஓர் எழுத்துக்கு வருகிறேன். 5 வோல்ட்டில் ஓடும் எச்.சி., உள்ளே வருவதை 'ஒன்று' என்று ஏற்க 3.5 வோல்ட் கேட்கும். எச்.சி.டி.க்கு 2 வோல்ட் போதும். 3.3 கொடுத்தால் எச்.சி.யும் பெரும்பாலும் ஓடிவிடும், அதுதான் ஆபத்தே: மேஜையில் ஓடுவது, மோட்டாரின் மின் இரைச்சல் வந்ததும் தடுமாறும்.

சந்தேகத்தில் முதலில் வாங்கிய பத்தில் ஒன்றை எடுத்து 5 வோல்ட் கொடுத்து, உள்ளீட்டைப் பொட்டென்ஷியோமீட்டரால் மெல்ல ஏற்றினேன். எச்.சி.டி. என்றால் 1.5 வோல்ட் வாக்கில், அதிகம் போனால் 2 வோல்ட்டுக்குள் வெளியீடு மாறியிருக்க வேண்டும். மீட்டர் 2.4ஐத் தாண்டிய பிறகுதான் வெளியீடு மாறியது. அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்தேன். மேலே இருந்த எழுத்து கறுப்பாகப் பஞ்சில் வந்தது, அடியில் ஒரே வாக்கில் உப்புத்தாள் கீறல்கள். எழுத்தை மாற்றியது அவரா, அவருக்கு விற்றவரா, தெரியாது.

இன்னொன்று: 5 வோல்ட் சிக்னலை இ.எஸ்.பி.க்குள் கொண்டுவர எச்.சி.டி.யைப் போட்டுவிடாதீர்கள், அது 5 வோல்ட்டையே தள்ளும். அதற்கு எல்.வி.சி.245 என்ற ஐ.சி. இருக்கிறது, 3.3இல் ஓடினாலும் அந்த 5ஐத் தாங்கும். இரு பக்கமும் தனித்தனி சப்ளை வேண்டுமென்றால் எல்.வி.சி.8டி245.

"சால்டர் பட்ட சரக்கைத் திரும்ப எடுப்பதில்லை" என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டார். சால்டர் படாத ஏழு இன்னும் என் டப்பாவில் கிடக்கின்றன.