லாசாவுக்கு மலிவுச் சுற்றுலா: முன்பணம் கட்டுவதற்கு முன் படிக்கவும்

திபெத்தின் தலைநகரான லாசாவுக்குக் குறைந்த செலவில் அழைத்துச் செல்வதாக விளம்பரம் செய்யும் பயண முகவர்களிடம் பணம் கட்ட நினைப்பவர்கள், அந்த நகரம் வெளிநாட்டவருக்கு எந்த அளவுக்குத் திறந்திருக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். சீன விசா கையில் இருந்தாலும் திபெத்துக்குள் நுழையத் தனி அனுமதி தேவை. அதைத் தனிநபர் விண்ணப்பித்து வாங்க முடியாது. பதிவுபெற்ற முகவர் நிறுவனங்கள்தான் வழிகாட்டி, வண்டி, பயணத் திட்டம் ஆகியவற்றோடு சேர்த்து வாங்கித் தரும். ரயிலிலோ விமானத்திலோ ஏறும்போதே அந்தத் தாளைக் கேட்பார்கள். பிற ஊர்களில் முகவர் சரியில்லை என்றால் கணக்கை முடித்துவிட்டு வேறொருவரைப் பார்க்கலாம். லாசாவில் உங்கள் பெயர் யாருடைய தாளில் இருக்கிறதோ அவர்களோடுதான் கடைசி நாள் வரை இருந்தாக வேண்டும். எங்கள் குழுவுக்கு நேர்ந்தவை அனைத்தும் இந்த ஒரு பிடியை வைத்துக்கொண்டு செய்யப்பட்டவைதான்.

நாங்கள் பணம் கட்டிய நிறுவனம், மற்றவர்கள் கேட்ட தொகையில் ஏறத்தாழப் பாதியைத்தான் கேட்டது. பழைய நகரத்தில் உள்ள பர்க்கோர் வீதிக்கு நடந்து போகும் தூரத்தில் அறை, நுழைவுச் சீட்டுகள் அனைத்தும் கட்டணத்தில் அடக்கம், கடைகளுக்கு அழைத்துச் செல்வதில்லை என்று மூன்று உறுதிமொழிகளைக் கைப்பேசிச் செய்தியாகவும் அனுப்பியது. பின்னர் கையெழுத்துக்கு வந்த சீன மொழி ஒப்பந்தத்தில் விடுதியின் பெயரும் இல்லை, எந்தெந்த இடங்களின் சீட்டு என்ற விவரமும் இல்லை; "நிலைமைக்கேற்ப மாறும்" என்ற பொருள்படும் ஒரு வரி மட்டும் இருந்தது என்பதை அந்த மொழி தெரிந்த சக பயணி ஒருவர் லாசாவில் வைத்துப் படித்துச் சொன்னார்.

அறை பழைய நகரத்தில் இல்லை. லாசா ஆற்றுக்குத் தென்புறம், ரயில் நிலையம் இருக்கும் பக்கத்தில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்தது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,650 மீட்டர் உயரத்தில், விமானத்தில் வந்து இறங்கிய அன்றே பெட்டியோடு நான்கு மாடி ஏறுவது சிறு சங்கடமாக முடிவதில்லை. குழுவில் இருவருக்கு அன்றிரவே வாந்தியும் தாங்கமுடியாத தலைவலியும் வந்தன. பழைய நகரத்து விடுதி நிரம்பிவிட்டது என்று வழிகாட்டி சொன்ன காரணத்தைச் சரிபார்க்க எங்களுக்கு வழியில்லை. அங்கிருந்து பர்க்கோருக்குப் போய்வரக் கொடுத்த டாக்சிக் கூலியிலேயே மிச்சம் பிடித்ததாக நினைத்த பணத்தில் ஒரு பகுதி கரைந்தது. நுழைவுச் சீட்டும் அப்படியே. நாங்கள் சென்ற பருவத்தில் பொத்தாலா அரண்மனைக்கு 200 யுவான், ஜொக்காங் கோயிலுக்கு 85 யுவான். இரண்டும் "விலையில் சேராது" என்று வாசலில் வைத்துக் கேட்கப்பட்டன. பொத்தாலாவுக்கு நேரம் குறித்து முன்பதிவு செய்யப்படுவதால், அங்கே நின்று வாதாடினால் நேரம் தவறிவிடும் என்பது வழிகாட்டிக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் காலையில் விடுதி வரவேற்பறையில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பெண் ஒவ்வொருவர் விரலிலும் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டி, 83, 85 என்று வந்த எண்களைக் காட்டி, இது உயிருக்கே ஆபத்து என்று சொல்லி, ஆக்சிஜன் குப்பிகளையும், இரவு முழுக்க ஆக்சிஜன் செலுத்தும் அறைகளையும் விலைபேசினார். சென்னையில் அந்த எண் வந்தால் மருத்துவமனைக்கு ஓட வேண்டியதுதான். ஆனால் லாசாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. சமவெளியிலிருந்து வந்து இறங்கியவர்களுக்கு முதல் ஓரிரு நாளில் எண்பதுகளில் காட்டுவது சாதாரணம், குளிர்ந்த விரலில் இன்னும் குறைத்தும் காட்டும். எண்ணைவிட அறிகுறிகளைத்தான் பார்க்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல், நுரையோடு இருமல், நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தால் மருத்துவமனைக்குச் சென்று, தாமதமின்றித் தாழ்வான ஊருக்கு இறங்க வேண்டும். அந்த நிலையில் குப்பியை நம்பி விடுதியில் படுத்திருப்பது உயிரோடு விளையாடுவது. அந்தச் சிறு குப்பிகள் சில நிமிடங்களில் தீர்ந்துபோகின்றன. நகரத்துக் கடைகளில் அவற்றை விடுதி கேட்ட விலையில் பாதிக்கும் குறைவாகவே விற்கிறார்கள்.

அன்று பிற்பகல் திட்டத்தில் சேரா மடம் என்று இருந்தது. அதற்குப் பதிலாக, "திபெத்திய மருத்துவக் காட்சிக்கூடம்" என்று ஒரு கட்டடத்துக்கு அழைத்துப் போனார்கள். திபெத்திய மருத்துவம் பல நூற்றாண்டு மரபுடைய உண்மையான கல்வி. இந்தக் கூடத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. வெள்ளை அங்கி அணிந்தவர்கள் நாடி பார்த்து, எல்லோருக்கும் ஒரே நோயைச் சொன்னார்கள். எங்களோடு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு யார்ட்சா குன்பு என்னும், புழுவின்மேல் வளரும் மருந்துப் பூஞ்சையைப் பரிந்துரைத்தார்கள். விலை அறுபது என்றார்கள். எடுத்துக் காட்டிய ஒரு கைப்பிடிக்குத்தான் அறுபது யுவான் என்று அவர் எண்ணித் தலையசைத்தார். நொடியில் அதை இயந்திரத்தில் போட்டுப் பொடியாக்கினார்கள். பிறகு வந்த ரசீது கிராமுக்கு அறுபது என்ற கணக்கில் 4,200 யுவான். பொடித்த மருந்தை வேறு யாருக்கும் விற்க முடியாது, ஆகவே பணம் கட்டாமல் வெளியேறக் கூடாது என்று நான்கைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். வழிகாட்டி அந்த நேரம் பார்த்து வண்டியருகே நின்று கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். கிராமுக்கு விலை சொல்லிப் பொடித்துவிடும் இந்தத் தந்திரம் சீனாவின் பல சுற்றுலா நகரங்களிலும் நடப்பதுதான். அதே மேசையில் "திபெத்தில் விளைந்த குங்குமப்பூ" என்றும் விற்றார்கள். குங்குமப்பூ பெரும்பாலும் ஈரானிலும் காஷ்மீரிலும் விளைந்து, திபெத் வழியாகச் சீனாவுக்குப் போன பண்டம்.

ஆசிரியையின் பணத்தில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. அது எப்படி என்பதற்காகவே இதை எழுதுகிறேன். 2013 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் சீனச் சுற்றுலாச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, நியாயமற்ற குறைந்த விலையைக் காட்டி ஆள் சேர்த்து, கடைகளிலிருந்து தரகு பெறுவதைத் தடை செய்கிறது. அவ்வாறு நடந்தால், பயணம் முடிந்த 30 நாட்களுக்குள், பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுத் தருமாறு பயண நிறுவனத்தையே கேட்கலாம். ரசீது, கூடத்தின் வாசலில் எடுத்த படம், கடைகள் இல்லை என்று நிறுவனம் அனுப்பிய செய்தி ஆகியவற்றோடு எழுத்தில் கேட்டு, 12345 என்ற அரசுப் புகார் எண்ணிலும் பதிவு செய்த பிறகுதான் நிறுவனம் அசைந்தது. நுகர்வோர் புகாருக்கு 12315 என்ற எண்ணும் உண்டு. பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் செயலி வழியாகச் செலுத்தியதும் உதவியது. விடுதி மாறியதற்கும் நுழைவுச் சீட்டுக்கும் எங்களுக்கு ஒரு யுவான்கூட வரவில்லை. ஒப்பந்தத்தில் அவை பெயர் சொல்லி எழுதப்படாததே காரணம்.

ஆகவே விடுதியின் பெயர், மாடி, லிஃப்ட் உண்டா என்பது, எந்தெந்த இடத்தின் சீட்டு அடக்கம் என்பது, கடை நிறுத்தம் இல்லை என்பது ஆகியவை ஒப்பந்தத்திலேயே இடம்பெறாமல் முன்பணம் அனுப்ப வேண்டாம். 2018 முதல் பல குளிர்காலங்களில் பொத்தாலாவுக்கு நுழைவுக் கட்டணம் தள்ளுபடி செய்யப்பட்டிருக்கிறது. அந்த மாதங்களில் போகிறவர்கள், முகவர் சீட்டுக்கென்று தனித்தொகை கேட்டால் விளக்கம் கேட்கவும். லாசா வழியாகக் கயிலாயம் செல்ல நினைப்பவர்களுக்குத் திபெத் நுழைவு அனுமதி மட்டும் போதாது, கயிலாயம் இருக்கும் ங்காரிப் பகுதிக்கு வேறு அனுமதிகளும் வேண்டும். அவற்றின் செலவு எந்தக் கணக்கில் வருகிறது என்பதையும் அப்போதே எழுதி வாங்க வேண்டும். பிப்ரவரிக் கடைசியிலிருந்து மார்ச் முடியும்வரை வெளிநாட்டவருக்குத் திபெத் பெரும்பாலும் மூடப்பட்டுவிடும். அந்தத் தேதிகளுக்குக் "கடைசி நேரச் சலுகை" என்று யாராவது முன்பணம் கேட்டால், அனுமதி கிடைக்காவிட்டால் முழுத்தொகையும் எத்தனை நாளில் திரும்ப வரும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுப்பவருக்குப் பணம் அனுப்பாதீர்கள்.