சின்ன நகராட்சிக்கு எது தேவை: ஊடகப் பக்கமா, செய்திக்குறிப்பா, வாட்ஸ்அப் குழுவா?

பெருநகரத்தை ஒட்டிய சின்ன நகராட்சியில் நிரந்தர நிருபர் என்று யாரும் இருப்பது அபூர்வம். குழாய் உடைந்தாலோ கட்டடம் சரிந்தாலோதான் ஒருவர் வருவார். அவருக்கு ஊரும் புதிது, நேரமும் குறைவு. இப்படிப்பட்டவருக்குத் தகவல் கொடுக்க நகராட்சிகள் பொதுவாக மூன்று வழிகளை நம்புகின்றன.

பழைய வழி செய்திக்குறிப்பு. 1906இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரயில் விபத்தின்போது, ரயில் நிறுவனத்துக்காக மக்கள் தொடர்பாளர் ஐவி லீ எழுதிக் கொடுத்த அறிக்கையைத்தான் இந்த வகையில் முதலாவது என்று பலரும் சொல்வார்கள். தேதி போட்டு, பொறுப்பானவர் பெயரோடு வருவதால் தைரியமாக மேற்கோள் காட்டலாம். ஆனால் அது அன்றைய சேதியை மட்டுமே பேசும். அதிலும் பாதி, தலைவர் ரிப்பன் வெட்டிய சேதி. செய்தி ஆசிரியர் அதைப் படிக்காமலேயே அழித்துவிடுவார், அவர்மேல் தப்பும் இல்லை.

வாட்ஸ்அப் குழு வேகமானது. சாலை மறிப்பு, குடிநீர் நிறுத்தம் போன்றவற்றுக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை. படங்கள்தான் பிரச்சினை. சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். 1,600 பிக்சல் அகலப் படம், அச்சுக்கு வேண்டிய 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) தரத்தில் ஐந்து அங்குலத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் தரம் குறையாது. இன்னொன்று, குழுவுக்குள் போட்டது வெளியே இருப்பவர் தேடினால் கிடைக்காது. அந்த அவசர நாளில் வருபவரோ பெரும்பாலும் வெளியாள்தான்.

என் ஓட்டு மூன்றாவதுக்கு: இணையதளத்தில் நிலையாக இருக்கும் ஊடகப் பக்கம். வரலாறு, சின்னம், தலைவர் படம் எல்லாம் இருக்கட்டும். அதைவிட முக்கியம் எல்லை வரைபடமும், எது எங்கள் பொறுப்பு, எது இல்லை என்ற ஒரு பக்கக் குறிப்பும். புறநகரில் அஞ்சல் முகவரி ஒரு ஊரைச் சொல்லும், வரி போவது இன்னொரு ஊருக்கு. தெருவிளக்கு நகராட்சியுடையது, பெரிய சாலை வேறு துறையுடையது, குடிநீர் இன்னொரு வாரியத்துடையது என்று இருக்கலாம். இது தெரியாமல்தான் செய்தியில் தவறான அலுவலகத்துக்குத் திட்டு விழுகிறது.

அப்புறம் மக்கள்தொகை. எண்ணுக்குப் பக்கத்தில் எந்த ஆண்டுக் கணக்கெடுப்பு என்று கட்டாயம் போட வேண்டும். பல நாடுகளில் கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒருமுறைதான், புறநகரோ அதற்குள் வீங்கிவிடும். இந்த ஆண்டின் குற்ற எண்ணிக்கையைப் பழைய மக்கள்தொகையால் வகுத்தால், இருப்பதைவிட ஊர் மோசமாகத் தெரியும். பட்ஜெட்டை ஸ்கேன் செய்த படமாக ஏற்றுவதும் வீண். எண்ணை நகலெடுக்கவும் முடியாது, தேடவும் முடியாது.

இந்தப் பக்கத்தின் பலவீனம், கவனிக்காவிட்டால் கெட்டுப்போவது. போன தேர்தலில் தோற்றவர் இன்னும் தலைவராகச் சிரித்துக்கொண்டிருந்தால், மற்ற தகவலை யார் நம்புவார்கள்?

ஒரே ஒரு ஊழியர்தான் இருக்கிறார் என்றால், முதலில் பக்கத்தைச் சரிசெய்யட்டும். முடிவோ விதியோ மாறும்போது மட்டும் செய்திக்குறிப்பு போதும். குழுவில் அதற்கான இணைப்பைப் போடலாம். பக்கத்தில் தரும் தொலைபேசி எண்ணை அலுவலக நேரம் முடிந்த பிறகும் யாராவது எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் நிருபர் அடுத்து அழைப்பது எதிர்க்கட்சி உறுப்பினரை.